அலுமினியப் பாய்மரத்தில் ரிவெட் தளர்வு, மரப் பருமலில் விரிசல்: என்ன ரிவெட், என்ன போல்ட், என்ன கருவி வாங்க?

குளச்சல்_கரை

அண்ணாச்சிமாரே, வாங்கிக் குவிப்பதற்கு முன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

16 அடி பாய்ப்படகு. பாய்மரம் உருண்டை அலுமினியக் குழாய். வெளிவிட்டம் 76 மி.மீ., சுவர் 2.5 மி.மீ., நீளம் ஆறரை மீட்டர். பாயின் அடிவிளிம்பைப் பிடிக்கும் பூமும் அலுமினியம். பாயின் மேல்விளிம்பைத் தாங்கும் பருமல் மட்டும் புன்னை மரம், 55 மி.மீ. பருமன், 3 மீட்டர்.

பூமைப் பாய்மரத்தோடு சேர்க்கும் கூஸ்நெக் தகட்டில் ஆறு ரிவெட், எல்லாம் 4.8 மி.மீ. அலுமினியம். அதில் மூன்று ஆடுகிறது. தகடு ஸ்டெயின்லெஸ், அதன் விளிம்பைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்து, பெயின்ட் கொப்புளித்து நிற்கிறது. மேலே பக்கக் கம்பிகள் மாட்டும் இரண்டு டாங் பட்டைகளும் ரிவெட்தான். ஆட்டம் இல்லை, ஆனால் அங்கேயும் வெள்ளை தெரிகிறது. பருமலில், பாய்மரத்தைக் கவ்வும் கவட்டைக்கு ஒரு முழம் மேலே குறுக்காக ஒரு விரிசல். அழுத்தினால் வாய் திறக்கிறது.

கையில் இருப்பது 13 மி.மீ. டிரில் மெஷின், ஒற்றைக்கை ரிவெட் கன், நான்கு சி கிளாம்ப், இழைப்புளி, உளி. கேள்விகள் இவை. அதே 4.8 அலுமினிய ரிவெட்டை மாற்றி அடித்தால் போதுமா? ரிவெட்டை விட்டுவிட்டு எம்6 மரை வெட்டி ஸ்க்ரூ போடலாமா, இல்லை போல்ட்டை ஊடுருவ விடலாமா? பருமலை ஃபைபர் வள்ளம் கட்டும் ரெசினால் ஒட்டலாம் என்கிறார்கள், சரியா? ஜூன், ஜூலையில் கடல் அடித்துக் கிடக்கும்போது வேலையை முடிக்க நினைக்கிறேன்.

ரிவெட்_கோட்டாறு

முதலில் கூஸ்நெக். ஆட்டத்துக்கு ரிவெட் மட்டும் காரணம் இல்லை. அந்த வெள்ளைப் பொடிதான் காரணம். ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் உப்புத்தண்ணீரில் தொட்டுக்கொண்டு நின்றால் அலுமினியம் கரையும். அந்தப் பொடிக்கு இடம் அதிகம் வேண்டும். தகட்டுக்கு அடியில் வளர்ந்து தகட்டையே நெம்பித் தூக்கும். ரிவெட் தலை இழுபட்டுத் தளரும். ஆடுகிற மூன்றை மட்டும் மாற்றினால் ஆறு மாதத்தில் மீதி மூன்றும் ஆடும். ஆறையும் எடுத்துத் தகட்டைக் கழற்றி அடியைப் பார்த்தே ஆக வேண்டும்.

எடுக்கும் முறை: ரிவெட்டின் நடுவில் இருக்கும் கம்பியைச் சின்னப் பஞ்ச் வைத்து உள்ளே தட்டிவிடுங்கள். அது இருந்தால் டிரில் பிட் நழுவி அலுமினியத்தைக் கிழிக்கும். பிறகு 4.8 பிட் வைத்துத் தலை மட்டும் கழலும்வரை துளையுங்கள். தலை பிட்டோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்தால் நிறுத்தி, மெல்லிய உளி முனையைத் தலை ஓரத்தில் அணைத்துப் பிடித்துக்கொண்டு தொடருங்கள். உளியால் வெட்டித் தலையை எடுக்க வேண்டாம், துளை முட்டை வடிவம் ஆகிவிடும். உள்ளே விழுந்த துண்டுகளைப் பாய்மரத்தைச் சாய்த்து முழுவதும் வெளியே கொட்டுங்கள். இரும்புக் கம்பித் துண்டுகள் அடியில் தங்கி உப்பு ஈரத்தில் கிடந்தால் பாய்மரத்தின் பாதம் அரித்துக் குழி விழும். அடியில் 8 மி.மீ. வடிகால் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். மணல் அடைத்திருக்கும்.

பொடியை நைலான் தேய்ப்பானால் அல்லது ஸ்டெயின்லெஸ் பிரஷால் எடுங்கள். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம். அதன் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து புதிதாக அரிப்பு தொடங்கும். பென்சிலால் குறியும் போடாதீர்கள், அதில் இருக்கும் கிராஃபைட் அலுமினியத்துக்கு ஆகாது. ஸ்கெட்ச் பேனா போதும்.

ரிவெட் தேர்வு: அலுமினிய ரிவெட் இந்த இடத்துக்குப் போதாது. கொடிக்கயிறு வழிகாட்டி, சின்ன வளையம், கேபிள் மூடி, இப்படிப் பாரம் இல்லாதவற்றுக்கு அது சரி. கூஸ்நெக்குக்கு மோனல் ரிவெட். நிக்கலும் செம்பும் சேர்ந்த கலவை. அதே 4.8 அளவில் அலுமினியத்தைப் போலச் சுமார் இரண்டு மடங்கு வெட்டுவிசை தாங்கும். இளக்கம் உள்ளதால் துளையை நன்றாக நிரப்பிப் பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் ரிவெட் இன்னும் பலம்தான், ஆனால் முரடு. 2.5 சுவரில் இழுக்கும்போது அலுமினியத்தைத்தான் நசுக்கும். மோனல் வாங்கும்போது நடுக்கம்பி என்ன என்று கேளுங்கள். இரும்புக் கம்பியாக இருந்தால் உடைந்து உள்ளே நிற்கும் துண்டு துருப்பிடித்து பாய்மரம் முழுக்கப் பழுப்பாக வழியும். அதைப் பஞ்ச் வைத்துத் தட்டி எடுத்துவிடலாம். ஸ்டெயின்லெஸ் கம்பி கிடைத்தால் அந்த வேலை மிச்சம்.

நீளக் கணக்கு: தகடு 2 மி.மீ., சுவர் 2.5 மி.மீ., இடையில் அரை மி.மீ. பிளாஸ்டிக் என்றால் பிடிப்பு 5 மி.மீ. அதோடு ரிவெட் விட்டத்தில் ஒன்றரை மடங்கு, அதாவது 7 மி.மீ. ஆக 12 மி.மீ. நீளம். குறைவாக எடுத்தால் பின்பக்கம் முழுதாக விரியாது. ரொம்ப நீளம் எடுத்தால் கம்பி சீக்கிரம் உடையும், பிடி தளரும்.

துளை 4.9 மி.மீ. கடையில் 5 மி.மீ. பிட்தான் உடனே எடுத்துத் தருவார்கள். 5 கடைசி எல்லை, அதற்கு மேல் வேண்டவே வேண்டாம். 0.1 இடைவெளியில் பிட் விற்கும் டூல்ஸ் கடையில் 4.9 இருக்கும். துளைக்கும்போது ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டால் அலுமினியம் பிட்டில் ஒட்டாது. துளைத்த பின் 8 மி.மீ. பிட்டைக் கையில் பிடித்து ஒரு சுற்று சுற்றிப் பிசிறை எடுங்கள். தகட்டுக்கும் சுவருக்கும் இடையில் பிசிறு நின்றால் ரிவெட் எவ்வளவு இழுத்தாலும் இடைவெளி மூடாது.

உங்கள் ஒற்றைக்கை ரிவெட் கன் 4.8 அலுமினியத்துக்குச் சரி, 4.8 மோனலுக்கு ஆகாது. பாதி இழுத்து நிற்கும். பார்க்கப் பிடித்த மாதிரி இருக்கும், உள்ளே விரிந்திருக்காது. இரண்டு கையால் இழுக்கும் நீளக் கைப்பிடி ரிவெட்டர் வாங்குங்கள், 6.4 வரைக்கும் மூக்கு உள்ளதாக. உங்கள் பட்டியலில் முதல் செலவு இதுதான். அதன் மூக்கைத் தகட்டில் சாயாமல் அழுத்தி, ‘டக்’ என்று கம்பி உடையும்வரை இழுக்க வேண்டும். ஆறையும் வரிசையாக அடிக்காதீர்கள். ஒரு மூலை, அதன் எதிர்மூலை, பிறகு மற்றவை.

பழைய துளை ஓவல் ஆகியிருந்தால் இரண்டு வழி. விளிம்பில் இடம் இருந்தால் 6.4 ரிவெட், துளை 6.5. இல்லையென்றால் தகட்டை 30 மி.மீ. மேலோ கீழோ நகர்த்திப் புதுத் துளை. துளை மையத்திலிருந்து தகட்டு விளிம்புக்கு ரிவெட் விட்டத்தில் இரண்டு மடங்காவது வேண்டும், அதாவது 4.8-க்கு 10 மி.மீ. ஒரே வட்டத்தில் சுற்றிச் சுற்றித் துளை போடாதீர்கள். அந்த வட்டத்தில்தான் பாய்மரம் ஒடியும். படியாக மாற்றி மாற்றி வையுங்கள்.

அரிப்புக் குழி மிக ஆழமாக, முக்கால் மி.மீ.க்கு மேல் இறங்கியிருந்தால் அந்த இடத்தில் ரிவெட் மட்டும் நம்பக்கூடாது. 3 மி.மீ. அலுமினியத் தகட்டைப் பாய்மரத்தின் வளைவுக்கு வளைத்து, 200 மி.மீ. நீளம், மூலைகளை உருட்டி, விளிம்பைச் சாய்த்து இழைத்து, அடியில் பாலிசல்ஃபைடு அடைப்புப் பசை பூசி, 25–30 மி.மீ. இடைவெளியில் ரிவெட் அடித்து அதன்மேல் கூஸ்நெக் வையுங்கள். யாராவது வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பாய்மரக் குழாய் பெரும்பாலும் 6061-டி6 அல்லது 6063-டி6 ரக அலுமினியம். அதன் பலமே வெப்பப் பதப்படுத்தலில் வந்தது. வெல்டிங் சூட்டில் பக்கத்துப் பகுதி பாதிப் பலத்துக்கு இறங்கிவிடும்.

முட்டம்_பட்டறை

மேலே சொன்னதில் கூஸ்நெக் பற்றி மறுப்பில்லை. இரண்டு இடத்தில் வேறு சொல்ல வேண்டும்.

ஒன்று, மோனல் போட்டால் அரிப்பு நின்றுவிடும் என்று வாசிப்பவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. அலுமினியத்தின் பக்கத்தில் மோனலும் ஸ்டெயின்லெஸ் மாதிரியேதான். அது கரையாது, அலுமினியம்தான் கரையும். ரிவெட் சின்னது, பாய்மரம் பெரியது என்பதால் ரிவெட்டைச் சுற்றி அரிப்பு மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். பெரிய ஸ்டெயின்லெஸ் தகடு அகலமாக அலுமினியத்தில் ஒட்டி நிற்பதுதான் உண்மையான கேடு. எனவே ஒவ்வொரு ரிவெட்டையும் டூராலாக்கில் (இரண்டு உலோகம் தொடாமல் பிரிக்கும் தடுப்புப் பசை) தோய்த்து அடிக்க வேண்டும். தகட்டுக்கு அடியில் முழுவதும் பூச வேண்டும், தகட்டுக்கும் சுவருக்கும் இடையில் பிளாஸ்டிக் தாள் வேண்டும். டூராலாக்கில் குரோமேட் இருக்கிறது, தோலில் படாமல் கையுறை போட்டுத்தான் வேலை.

இரண்டு, டாங் பட்டை. பக்கக் கம்பியின் முழு இழுப்பும் அங்கேதான். அது கழன்றால் பாய்மரம் சரிந்து ஆள்மேல் விழும். அந்த இடத்தில் ஊடுருவிய போல்ட்டையே நான் சொல்லுவேன்: இரண்டு பக்கத்து டாங்கையும் ஒரே எம்6 போல்ட் தாங்கும், அதற்குக் கீழே ஒவ்வொரு டாங்கிலும் இரண்டு மோனல் ரிவெட், பட்டை திரும்பாமல் இருக்க.

ஆனால் போல்ட்டை வெறுமனே விட்டு முறுக்கினால் 2.5 சுவர் உள்ளே ஒடுங்கும். உள்ளே தாங்கு குழாய் கட்டாயம். வெளி 10, உள் 7 மி.மீ. அலுமினியக் குழாய் வாங்கி 73.5 மி.மீ.க்கு வெட்டுங்கள். பாய்மரத்தின் ஒரு பக்கத்தில் 10 மி.மீ. துளை, எதிர்ப்பக்கத்தில் 6 மி.மீ. துளை. குழாய் 10 துளை வழியாக நுழைந்து எதிர்ச்சுவரின் உட்புறத்தில் முட்டி நிற்கும். இந்தப் பக்கம் சுவரின் வெளிமுகத்தோடு மட்டமாக இருக்கும். 76-இல் ஒரு சுவர் 2.5 கழித்தால் அந்த 73.5. அரை மி.மீ. குறைந்தாலும் குழாய்க்குப் பயன் இல்லை, சுவர்தான் நசுங்கும். முதலில் 74 வெட்டி அரத்தால் இறக்கிக்கொள்ளுங்கள். இரண்டு துளையும் நேர் எதிரே வர, பாய்மரத்தைச் சுற்றிக் காகிதப் பட்டை ஒட்டி, அதைப் பாதியாக மடித்துக் குறியுங்கள். ஒரு பக்கத்திலிருந்து டிரில்லை ஊடே விட்டால் மறுபக்கம் விலகும். இரண்டு பக்கமும் தனித்தனியாகத் துளைக்க வேண்டும்.

போல்ட் நீளம் கவனம். கடையில் ஃபுல் திரெட், ஹாஃப் திரெட் என்று இரண்டு உண்டு. ஹாஃப் திரெட் கேளுங்கள். மரைப் பகுதி சுவரில் உட்கார்ந்தால் மரையின் கூர் அலுமினியத்தை அரமாக ராவும். பிடிப்பு 2 + 76 + 2 = 80 மி.மீ. எம்6-இல் இந்த நீளத்துக்கு மரை 18 மி.மீ. 90 மி.மீ. போல்ட் எடுத்தால் வழுவழுப்பான பகுதி 72-இல் முடிந்து எதிர்ச்சுவரில் மரைதான் இருக்கும். 100 மி.மீ. எடுத்தால் 82 வரை வழுவழுப்பு. இரண்டு வாஷர் போட்டு நைலாக் நட்டை (உள்ளே நைலான் வளையம் உள்ள, கழலாத நட்) பூட்டி, மிச்சத்தை இரண்டு மூன்று மரை விட்டு அறுத்துவிடுங்கள். முறுக்கு 7, 8 நியூட்டன் மீட்டருக்கு மேல் வேண்டாம். நைலாக்கை இம்பாக்ட் மெஷினால் ஓட்டக்கூடாது. ஸ்டெயின்லெஸ் மரை சூடேறி ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும், அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மரையில் லானோலின் (ஆட்டு ரோமக் கொழுப்பு) தடவி, கையால் ஸ்பேனர்.

எம்6 மரை வெட்டும் யோசனையை விடுங்கள். எம்6 மரை இடைவெளி 1 மி.மீ., 2.5 சுவரில் இரண்டரை மரைதான் பிடிக்கும். எம்5 என்றால் இடைவெளி 0.8, மூன்று மரை கிடைக்கும், துளை 4.2, பிறகு மரை வெட்டும் டேப். கயிறு கட்டும் கிளீட் மாதிரி, பாரம் பக்கவாட்டில் வரும் இடத்துக்கு அது போதும். வெளியே பிடுங்கும் திசையில் பாரம் வரும் எதற்கும் மரை வெட்டிய ஸ்க்ரூவும் ரிவெட்டும் ஆகாது. தகர ஸ்க்ரூ எங்கேயும் வேண்டாம்.

குளச்சல்_கரை

ரொம்ப நன்றி. ஹாஃப் திரெட் விஷயம் யாரும் சொல்லித் தராதது. இரண்டு சந்தேகம். நாகர்கோவில் கடையில் ‘எல்லாம் எஸ்எஸ்தான், காந்தம் ஒட்டாது பாருங்கள்’ என்று ஒட்டிக் காட்டுகிறார்கள். அது போதுமா? டூராலாக் இங்கே கிடைக்கவில்லை. ஆன்லைனில் வர நாளாகும். பதிலுக்கு வேறு என்ன?

ரிவெட்_கோட்டாறு

காந்தச் சோதனை போதாது. 202, 304, 316 மூன்றும் காந்தத்துக்கு ஏறக்குறைய ஒரே மாதிரிதான். 304 போல்ட் கூடக் குளிர்நிலையில் உருட்டிச் செய்ததால் லேசாக ஒட்டும், அதற்காக அது மட்டம் இல்லை. 202 என்பது நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்தது. மாடிப்படிக் கைப்பிடிக்கு விற்பது பெரும்பாலும் அதுதான். கடற்கரையில் ஒரு மழைக்காலத்தில் பழுப்பு வழியும். 316-இல் மாலிப்டினம் இரண்டு முதல் மூன்று சதவீதம் இருக்கிறது. உப்புக்கு அதுதான் தாங்குகிறது. போல்ட் தலையைப் பாருங்கள்: ஏ2-70 என்றால் 304 ரகம், ஏ4-70 அல்லது ஏ4-80 என்றால் 316 ரகம். தலையில் எழுத்தே இல்லாத போல்ட்டை டாங்குக்கு வாங்காதீர்கள், என்ன விலையானாலும். இங்கே கிடைக்காவிட்டால் கொச்சியில் கப்பல் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். உங்களுக்கு வேண்டியது நாலைந்து போல்ட்தான், கூரியர் செலவு பெரிதல்ல.

டூராலாக்குக்குப் பதில்: ஜிங்க் குரோமேட் பிரைமர் பெயின்ட் கடையில் கிடைக்கும். தகட்டின் அடியிலும் சுவரிலும் இரண்டு கோட், காய்ந்த பிறகு நடுவில் பிளாஸ்டிக் தாள், விளிம்பைச் சுற்றி பாலிசல்ஃபைடு. இதிலும் குரோமேட் உண்டு, கையுறை மறக்க வேண்டாம். காய்ந்த பிரைமரை உப்புத்தாளால் தேய்த்துத் தூசியை மூச்சில் இழுக்கவும் கூடாது. பிளாஸ்டிக் தாள் அரை மி.மீ.க்கு மேல் தடிப்பு வேண்டாம். தடித்த மெத்தென்ற தாள் நாளாக நாளாக நசுங்கி ரிவெட்டைத் தளர்த்திவிடும். வெள்ளைக் கேனை வெட்டிப் போடுபவர்கள் இந்த ஒன்றைத்தான் கவனிப்பதில்லை. கேன் சுவர் ஒரு மி.மீ. வரை இருக்கும், கிளீட்டுக்குப் பரவாயில்லை, கூஸ்நெக்குக்கு வேண்டாம்.

இரண்டு பொருளைத் தவிர்க்க வேண்டும். மரை பற்றாமல் இருக்கத் தடவும், செம்புத்தூள் கலந்த ஆன்டி-சீஸ் கிரீஸ், கிராஃபைட் கிரீஸ் இரண்டும் அலுமினியத்தை இன்னும் வேகமாகத் தின்னும். வினிகர் வாசனை அடிக்கும் சிலிக்கான் டியூபும் கூடாது. கண்ணாடித் தொட்டி ஒட்டுகிற அந்த ரகம் உறையும்போது அசிட்டிக் அமிலம் விடும். சிலிக்கான்தான் போடுவேன் என்றால் டியூபில் ‘நியூட்ரல்’ என்று இருக்கிறதா பாருங்கள்.

தக்கலை_தச்சு

பருமலுக்கு வருகிறேன். இதுவரை யாரும் தொடவில்லை, ஆனால் உங்கள் மூன்று பழுதில் இதுதான் அவசரம்.

நெடுக்கு விரிசல் வேறு, குறுக்கு விரிசல் வேறு. மரம் காய்ந்து நாரோட்டத்தில் கீறுவது எல்லாப் பருமலிலும் இருக்கும். குறுக்காக வாய் திறக்கிறது என்றால் நார் அறுந்துவிட்டது. பட்டை வைத்து, ஆணி அடித்து, கயிறு சுற்றிக் காப்பாற்ற முடியாது. ஆணியும் போல்ட்டும் அந்த இடத்தில் மீதி நாரையும் அறுக்கும். வெட்டி எடுத்துச் சாய்வு ஒட்டுப் போட வேண்டும்.

முதலில் குத்தூசியால் விரிசலைச் சுற்றிக் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் உளுத்த மரம். கடினமான மரம் வரும்வரை வெட்டித் தள்ளுங்கள். கவட்டை போல்ட் துளை வழியாகத்தான் பொதுவாக ஈரம் இறங்கியிருக்கும், துளையைச் சுற்றிக் கறுத்திருந்தால் இரும்பு போல்ட் வேலை.

சாய்வு 12-க்கு 1. உங்கள் 55 மி.மீ. பருமனுக்கு 660 மி.மீ. நீளச் சாய்வு. 8-க்கு 1 போதும் என்பார்கள். அது பலகைக்கு. வளைந்து வளைந்து வேலை செய்யும் பருமலுக்குப் போதாது. ஒட்டு கவட்டைக்கு அருகிலும் வேண்டாம், நுனியிலும் வேண்டாம். விரிசல் கவட்டைப் பக்கம் இருப்பதால் அந்தக் கீழ்த்துண்டை முழுவதும் மாற்றி, ஒட்டை மேலே தள்ளி வையுங்கள். புதுத்துண்டும் புன்னையே, நேர்நார், கணு இல்லாதது, நிழலில் காய்ந்தது. முழு மரத்தையும் தேக்கில் செய்கிறீர்கள் என்றால் ஒட்டுமுகத்தை அசிட்டோனால் துடைத்து உடனே பசை பூச வேண்டும், தேக்கின் எண்ணெய் பசையைத் தள்ளும்.

இழைக்கும் முறை: இரண்டு துண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக, மேல்துண்டு 660 மி.மீ. பின்தள்ளி, மேஜையில் கிளாம்ப் போட்டு இறுக்கி, இரண்டையும் ஒரே சரிவாக இழைத்துவிடுங்கள். இப்படி இழைத்தால் இரண்டு கோணமும் தானாக ஒத்துப்போகும். இழைப்புளித் தகடு நல்ல கூராக இருக்க வேண்டும். அதற்கு முன் மரத்தை நல்லதண்ணீரில் கழுவி பிரஷ் போட்டுக் காயவிடுங்கள். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கறுப்பு மணலில் இல்மனைட்டும் கார்னெட்டும் கிடக்கிறது. கார்னெட் உப்புத்தாள் செய்கிற கல். கரையில் இழுத்துப் போட்ட மரத்தில் அது பதிந்திருந்தால் தகட்டு முனை நான்கு இழுப்பில் போய்விடும். அதே மணல் கூஸ்நெக் பின்னில் நுழைந்தால் பின்னையும் துளையையும் தேய்த்துவிடும், அங்கேயும் கழுவுங்கள்.

ஃபைபர் வள்ள ரெசின் வேண்டாம். அது பாலியெஸ்டர். கண்ணாடிநாரோடு சேர்ந்து ஓடு ஆவதற்கு அருமையானது. மரத்தில் அதன் பிடி குறைவு. உறையும்போது சுருங்கும், மரம் ஈரத்தில் உப்பி இறங்கும்போது உரிந்துவிடும். எபாக்சிதான். ஆனால் அதே வள்ளப் பட்டறையில் பசையைக் கெட்டியாக்கும் ஏரோசில் தூள் வைத்திருப்பார்கள், அது உங்களுக்கு வேண்டும்.

ஒட்டும் நாள்: தென்மேற்கு மழையில் காற்றே ஈரமாக இருக்கும். மரத்தின் ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஈரமானி இல்லையென்றால் துண்டைக் கூரைக்குள் காற்றோட்டமான இடத்தில் வாரக்கணக்கில் வைத்துவிட்டு, மழை விட்ட வெயில் நாளில் உச்சிப்பொழுதில் ஒட்டுங்கள். ரெசினும் ஹார்டனரும் டின்னில் எழுதியிருக்கும் விகிதத்தில், சின்னத் தராசில் எடை போட்டு. எடை விகிதம் வேறு, அளவு விகிதம் வேறு. குழப்பினால் பசை என்றைக்கும் இறுகாது. நம் ஊர்ச் சூட்டில் 100 கிராம் கலவை டம்ளரில் நின்றால் கால் மணி நேரத்துக்குள் புகைந்து கட்டியாகும். கலக்கியதும் அகலத் தட்டில் பரப்புங்கள்.

முதலில் தூள் கலக்காத எபாக்சியை இரண்டு முகத்திலும் பூசுங்கள். சாய்வு முகம் தண்டுநாரின் வாய், அது பசையைக் குடிக்கும். பத்து நிமிடம் விட்டு, காய்ந்து தெரியும் இடத்தில் மறுபடி. பிறகு ஏரோசிலும் சன்ன மரத்தூளும் கலந்து, கரண்டியில் எடுத்தால் வழியாமல் நிற்கும் பதத்தில் ஒரு முகத்தில் பூசிச் சேருங்கள். இங்கேதான் பலரும் கெடுப்பது: கிளாம்ப்பை உயிர்போக இறுக்குவது. எபாக்சிக்கு அழுத்தம் வேண்டாம், சேர்ந்து நின்றால் போதும். இறுக்கினால் பசை முழுக்கப் பிதுங்கி ஒட்டு வறண்டு போகும். விளிம்பு முழுதும் ஒரே கோடாகப் பசை கசிந்தால் சரி. 150 மி.மீ.க்கு ஒரு கிளாம்ப். உங்கள் நான்கு போதாது, ஏழெட்டு வேண்டும். சைக்கிள் டியூபை வெட்டி இழுத்துச் சுற்றினாலும் ஆகும். சாய்வு முகங்கள் கிளாம்ப் அழுத்தத்தில் வழுக்கி விலகும். இரண்டு சின்ன ஆணியை ஓரத்தில் பாதி அடித்து நிறுத்துங்கள், காய்ந்ததும் பிடுங்கிவிடலாம். அடியில் பாலித்தீன் தாள், இல்லையென்றால் பருமல் மேஜையோடு ஒட்டிக்கொள்ளும்.

24 மணி நேரம் தொடக்கூடாது. பாயேற்றிப் பாரம் கொடுக்க ஒரு வாரம். ஈரக்காற்றில் உறைந்த எபாக்சிமேல் மெழுகு மாதிரி ஒரு படலம் வரும். அதை முதலில் தண்ணீரும் தேய்ப்பானும் வைத்துக் கழுவிவிட்டுத்தான் உப்புத்தாள். கழுவாமல் தேய்த்தால் படலத்தை உள்ளே தேய்த்து இறக்குகிறோம், வார்னிஷ் உரியும். எபாக்சி வெயில் தாங்காது. மேலே யூவி வார்னிஷ் நான்கைந்து கோட் கட்டாயம்.

கவட்டை போல்ட்: 8 மி.மீ. போல்ட்டுக்கு 12 மி.மீ. துளை போட்டு, தூள் கலந்த எபாக்சியால் நிரப்பி, உறைந்ததும் நடுவில் 8 துளையுங்கள். போல்ட் எபாக்சிக்குள் நிற்கும், ஈரம் மரத்துக்குப் போகாது. மரத்துக்குள் போகும் ஸ்க்ரூவுக்கு சிலிக்கான் பிரான்ஸ் கிடைத்தால் அது முதல் தரம், இல்லையேல் 316. பித்தளை கூடாது, உப்பில் அதன் துத்தநாகம் போய் வெறும் செம்பு நுரையாக நிற்கும், திருப்பினால் ஒடியும். 10-ஆம் நம்பர் ஸ்க்ரூவுக்குக் கழுத்துக்கு 4.8, மரைக்கு 3.2 மி.மீ. துளை. பிரான்ஸ் மெத்தென்றிருக்கும். அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முதலில் ஓட்டி மரை பதித்துக் கழற்றிவிட்டு இதைப் போடுங்கள். மரையில் மெழுகுவர்த்தி தேயுங்கள், சோப்பு வேண்டாம், அது ஈரம் இழுக்கும்.

முட்டம்_பட்டறை

தச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். கவட்டையின் உட்புறத்தில் தோல் வைத்துச் செம்புக் குத்தாணி அடிப்பது பழக்கம். மரப் பாய்மரம் என்றால் சரி. இது அலுமினியம். செம்புத் தலை உரசும் இடமெல்லாம், செம்பில் பட்டு வழியும் தண்ணீர் போகும் இடமெல்லாம் அலுமினியம் குழி விழும். தோலை வெளிப்பக்கம் சுற்றிக் கொண்டுவந்து நைலான் நூலால் தைத்துவிடுங்கள். மேல் கப்பியில் பிரான்ஸ் பின் இருந்தாலும் இதே கதை, 316-க்கு மாற்றுங்கள்.

குளச்சல்_கரை

புரிந்தது. கடைசியாக ஒன்று. பருமல் நுனிப்பக்கம் ஒரு நெடுக்கு வெடிப்பும் உண்டு, ஒரு மி.மீ. அகலம். அதையும் எபாக்சியால் அடைக்கவா? வேலை முடியும்வரை மூங்கில் பருமல் போட்டு ஓட்டலாமா?

தக்கலை_தச்சு

அடைக்காதீர்கள். வெயிலில் திறக்கும், மழையில் மூடும். மூடும்போது உள்ளே கெட்டியான எபாக்சி ஆப்பாக நின்றால் வெடிப்பு இன்னும் நீளும். லானோலின் அல்லது தேன்மெழுகும் ஆளிவிதை எண்ணெயும் காய்ச்சித் தடவினால் போதும். அகலம் 3 மி.மீ. தாண்டினாலோ, கோடு சுற்றிக்கொண்டு குறுக்கே திரும்பினாலோ யோசிக்க வேண்டும். வெடிப்பின் இரண்டு முனையிலும் தார் பூசிய நைலான் நூலால் பருமன் அளவு அகலத்துக்கு நெருக்கிச் சுற்றுங்கள்.

மூங்கில் தாராளமாகப் போடலாம். முற்றியது, கெட்டி மூங்கில், அடிப்பாகம் 60 மி.மீ.க்குக் குறையாமல். அதில் எங்கேயும் துளை போடாதீர்கள். துளை போட்ட இடத்திலிருந்து நெடுகப் பிளக்கும். கட்டுமரத்தில் மரங்களை ஆணியில்லாமல் கயிற்றால் கட்டி நிறுத்துகிறார்களே, அதே முறைதான்: கயிற்றுக் கட்டு பாரத்தை அகலமாகப் பரப்பும். கட்டுவது கணுவுக்கு ஒட்டி மேலே, வழுக்காமல் கணுவே தாங்கும்படி.

ரிவெட்_கோட்டாறு

கடைக்குப் போகும்போது: நீளக் கைப்பிடி ரிவெட்டர், 4.2, 4.9, 6, 10 பிட்டுகள் (4.9 இரண்டு எடுங்கள், உடையும்), சென்டர் பஞ்ச், வெர்னியர், எம்5 டேப் கைப்பிடியோடு, பாதி வட்ட அரம், கூடுதலாக நான்கு கிளாம்ப். மோனல் 4.8×12 இருபது வாங்குங்கள். கணக்குப்படி கூஸ்நெக் ஆறு, டாங் நான்கு. சரியாக உட்காராத ரிவெட்டைத் துளைத்து எடுத்து மறுபடி அடிக்க மிச்சம் வேண்டும். ஏ4 எம்6×100 ஹாஃப் திரெட் இரண்டு, நைலாக் நட் நான்கு. ஒருமுறை கழற்றிய நைலாக்கை டாங்கில் மறுபடி போடாதீர்கள். பக்கக் கம்பி பின்களுக்கு 316 ஸ்பிலிட் பின், கால்களை 20 டிகிரி மட்டும் விரித்து, முனையில் ஒட்டும் டேப் சுற்றுங்கள். முழுக்க மடித்து வளைத்த பின்னை இருட்டில், அலையில் கழற்ற முடியாது. விரிக்காமல் விட்டால் பாய் உரசி இழுத்துக்கொண்டு போகும்.